வரி கட்டாத வீடுகள்

பூம்புகார்க் கரையின் பட்டினவர் மீனவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆனாலும் 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு அரிசி, பாத்திரம், வலை, வீடு என்று கொண்டுவந்த தொண்டு நிறுவனங்களில் திருச்சபை சார்ந்தவை முன்வரிசையில் நின்றன: தஞ்சை கத்தோலிக்க மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம், காரித்தாஸ், காசா (CASA), லுத்தரன் அமைப்புகள். மதம் மாற்றத்தான் வந்தார்கள் என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. குப்பங்கள் இன்றும் மாரியம்மனுக்குத்தான் காப்புக் கட்டுகின்றன. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

கேட்க வேண்டியது, உதவி யார் கை வழியாகப் போனது என்பதைத்தான். குப்பத்துக்குள் எதுவும் ஊர்ப் பஞ்சாயத்தைத் தாண்டி நுழையாது. நிவாரணப் பட்டியல் பஞ்சாயத்தாருடையது, ஊர் வரி கட்டும் தலைக்கட்டுதான் அதில் முழுக் கணக்கு. கைம்பெண் வீடு அரைக் கணக்கு, சில இடங்களில் அதுவும் இல்லை. படகு போனவருக்குப் படகு கிடைத்தது. தேவைக்கு மேலேயே குவிந்தது. மீன் இறக்கிக் கூலி வாங்கிய தலித் குடும்பம் எதை இழந்ததாகக் காட்டும்? உப்பேறிய வயலில் நடவு போன பெண்ணின் நஷ்டத்துக்கு என்ன ரசீது? சபை அமைப்புகளில் சில அந்தத் தெருக்களைத் தேடிப் போயின. ஆனால் பஞ்சாயத்துப் பட்டியலோடு வேலையை முடித்துக்கொண்ட வசதிக்குச் சபைகளும் முழு விலக்கல்ல.

இதே டெல்டாவில் வேறொரு முன்னுதாரணம் உண்டு. 1781 வாக்கில் ஹைதர் அலி படையெடுப்பில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது; முன்பு கூலியும் விலையும் ஏமாந்த குடியானவர்கள் மாடு பூட்ட மறுத்தார்கள். அரசர் வாக்கு எடுபடவில்லை. தஞ்சையில் இருந்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் பாதிரியார் தானே பணம் தருவதாகச் சொல்லி ஆளனுப்பினார். ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் உள்ளே சேர்ந்தது. சுமந்தவன் கையிலேயே காசு போய்ச் சேர்ந்ததுதான் அதன் சூட்சுமம். (அதே தஞ்சைச் சபையில் சாதிக்கொரு இடம் இருந்ததையும் மறைக்க வேண்டாம்.)

இப்போது நெருக்கடி வேறு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவதைத் தடுத்துவிட்டது. டெல்லியிலும் சென்னையிலும் இருக்கும் பெரிய அமைப்பிடமிருந்து கடலோரச் சிறு குழுவுக்கு வந்த பணம் நின்றுபோனது. சபைகளிடம் மிஞ்சியிருப்பது நிலம், பள்ளிகள், காணிக்கை, தெருத்தெருவாகப் போகத் தெரிந்த ஆட்கள்.

பட்டியல் எடுக்க அது போதும். அடுத்த புயலுக்கு முன்பே குத்தகைக்காரர், கூலியாள், கைம்பெண், தலித் தெரு என்று வீடு வீடாகச் சபைகளே ஒரு கணக்கை எழுதி வைக்கட்டும். பஞ்சாயத்தார் முகம் சுளிப்பார்கள், சுளித்துவிட்டுப் போகட்டும்.