பூட்டு ஊரறிய, சாவி மடியில்

ஒருவர் எழுதிய கடிதத்தை மூன்றாமவர் பிரித்துப் படிப்பது அநாகரிகம் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், தபால் பையை ஆளும் கைகள் அந்த நாகரிகத்தை என்றும் பேணியதில்லை. 1898-ஆம் வருஷத்துத் தபாலாபீஸ் சட்டத்தின் 26-வது பிரிவு, பொதுஜன பந்தோபஸ்து என்ற பெயரால் கடிதங்களை மறிக்கும் அதிகாரத்தை அன்னிய சர்க்காருக்கு அளித்தது. தர்மபுரி ஜில்லாப் பாப்பாரப்பட்டியில் 1925-இல் உயிர் நீத்த தியாகி சுப்பிரமணிய சிவா அத்தகைய ஆட்சியின் கீழ்தான் தேசத்தொண்டு புரிந்தார். சுதந்திரம் வந்தது, 2024-இல் அச்சட்டமும் மாண்டது. ஆனால், அதனிடத்தில் அமர்ந்த 2023-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 9-வது பிரிவில் அவ்வதிகாரம் மறுபிறவி எடுத்துவிட்டது!

காகிதக் கடிதத்துக்கு இல்லாத ஒரு காப்பு மின்னஞ்சலுக்கு உண்டு. 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அறிஞர்கள் வெளியிட்ட யோசனைப்படி, ஒவ்வொருவரும் ஒரு பூட்டையும் அதற்குரிய சாவியையும் தாமே உண்டாக்கிக்கொள்ளலாம். பூட்டை ஊரறிய வழங்கலாம். சாவி மட்டும் மடியை விட்டு அகலக்கூடாது. 1991-இல் ஃபில் ஸிம்மர்மன் 'பிஜிபி' என்ற சாதனத்தின் மூலம் இதைச் சாமானியர் கைக்குக் கொணர்ந்தார். அதற்காக அமெரிக்க சர்க்கார் அவர்மீது தொடங்கிய விசாரணை 1996-இல்தான் கைவிடப்பட்டது.

பூட்டை ஊரறியச் செய்வது எங்ஙனம்? அக்காலத்துச் சர்வகலாசாலைக் கணினிகளில் 'ஃபிங்கர்' என்றொரு சேவை இருந்தது. ஒருவரது பெயரைச் சொல்லிக் கேட்டால், அவர் தம்மைக் குறித்து எழுதிவைத்த குறிப்பு வந்து சேரும். பலர் அக்குறிப்பிலேயே தம் பூட்டையும் வைத்தனர். தரகர் இல்லை, கட்டணம் இல்லை, எவர் அனுமதியும் வேண்டியதில்லை. நடுவில் நிற்பவன் பூட்டை மாற்றி வைத்தால் என் செய்வது என்று கேட்கலாம். பூட்டின் 'கைரேகை' எனப்படும் அடையாள எண்ணை, உரியவரிடம் நேரிலோ டெலிபோனிலோ ஒப்பிட்டுக்கொள்வதே அதற்குப் பரிகாரம். ஃபிங்கர் வழக்கொழிந்தது, அவ்வேலையை இன்று பூட்டுக் களஞ்சியங்கள் செய்கின்றன.

நம் தேசத்தில் நடந்தது என்ன? 2015 செப்டம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட நகல் கொள்கை, பூட்டி அனுப்பிய செய்தியின் மூலத்தை 90 நாட்கள் பிரஜைகளே வைத்திருந்து, கேட்டபோது காட்டவேண்டும் என்றது. பலத்த கண்டனம் எழவே, அது உடனே வாபஸாயிற்று. வாட்ஸாப்பில் பூட்டு இருக்கிறதே என்று திருப்தி கொள்வாரும் உண்டு. அங்கே பூட்டுக்களின் பதிவேடு அன்னியக் கம்பெனியின் வசம் அன்றோ இருக்கிறது?

குற்றவாளிகளும் பூட்டுவார்களே என்பது அதிகாரிகளின் வாதம். திருடன் தன் வீட்டைப் பூட்டுகிறான் என்பதற்காக ஊரார் கதவுகளையெல்லாம் கழற்றுவது நியாயமாகாது. குறிப்பிட்ட ஒருவர்மீது சந்தேகம் இருந்தால் நீதிபதியின் உத்தரவுடன் விசாரிக்கட்டும். எல்லாப் பிரஜைகளையும் சந்தேகிக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆதலின், பொதுஜன ஊழியர்களுக்கும், வக்கீல்களுக்கும், பத்திரிகைகளுக்கும் நாம் கூறுவது இதுவே. முகவரியை அச்சிடும் இடத்தில் உங்கள் பூட்டின் கைரேகையையும் அச்சிடுங்கள். அரூரிலும் பென்னாகரத்திலும் முறையீடு எழுதும் விவசாயி, பிறர் கண் படாமல் உங்களை அணுக வழி பிறக்கும். அந்தரங்கம் சர்க்கார் தரும் சலுகையன்று, பிரஜையின் பிறப்புரிமை!