மாணவியின் முகம், கம்பனியின் விளம்பரம்



போன மாதம் திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பதாதை கட்டியிருந்தார்கள். ஏதோ போசாக்குப் பானத்துக்கான விளம்பரம். அதில் முடிவுக் கோட்டை நெஞ்சால் தொடும் பிள்ளை என்னிடம் ஓட்டம் பழகியவள். உட்துறைமுகப் பக்கத்து மீன்பிடித் தொழிலாளி ஒருவரின் மகள். தகப்பனிடம் விசாரித்தேன். “பக்கத்து வீட்டுப் பெடியன் சொல்லித்தான் சேர் எனக்கே தெரியும்” என்றார்.

ஒருவரும் ஒப்பம் கேட்கவில்லை, ஒரு சதமும் கொடுக்கவில்லை. அந்த ஓட்டத்துக்கு அவள் போட்டிருந்த ஸ்பைக்ஸ் சப்பாத்து மூத்த மாணவி ஒருத்தியிடம் இரவல் வாங்கியது. அளவு பெரிது என்று முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடினாள். பதாதையில் படத்தை முழங்காலோடு வெட்டிவிட்டார்கள்.

அனுசரணையாளர்களை விரட்டச் சொல்லி நான் எழுதவில்லை. சேர் ஜோன் டாபட் மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னால் சொக்லேட்டின் பெயர் வருகிறது, பாடசாலை ரக்பிக்கு முன்னால் தொலைபேசிக் கம்பனியின் பெயர் வருகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடக்கூடக் கையேந்தும் பாடசாலைகளை நான் கண்டவன். அந்தக் காசு வரட்டும். ஆனால் போட்டிக்குக் கொடுத்த காசில் ஓடுகிற பிள்ளையின் முகமும் சேர்த்தி என்று யார் எழுதிக் கொடுத்தது?

அமெரிக்காவில் எட் ஓ'பனன் என்ற முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து வீரர், நண்பர் வீட்டுப் பையன் விளையாடிய வீடியோ கேமில் தன் உருவத்தையே கண்டார். 2009 இல் வழக்குப் போட்டார். 2014 இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2021 ஜூலை 1 முதல் அங்குள்ள கல்லூரி வீரர்கள் தங்கள் பெயருக்கும் படத்துக்கும் காசு வாங்கலாம். அத்தனை தூரம் போவானேன்? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆடி வளர்ந்த வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் பந்து வீசியதும் ஒப்பந்தத்தோடுதான்.

காசு வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சில அதிபர்கள் சொல்கிறார்கள். காசு எப்போதோ மைதானத்துக்குள் வந்துவிட்டது, ஐயா. பிள்ளைக்கு மட்டும் ஒரு தொப்பியும் இரண்டு பானப் பக்கெட்டும்.

அமெரிக்காவில் வழக்காடியவர்கள் வளர்ந்தவர்கள். நம்மவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவுகளை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இந்தப் பதாதையை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆகிய ஐந்து கல்வி வலயங்களுக்கும் அது போகட்டும். பெற்றோருக்கு விளங்கும் மொழியில் எழுத்துமூலச் சம்மதம் வாங்காமல் மாணவர் படம் விளம்பரத்துக்குப் போகக் கூடாது. கொடுக்கும் தொகை பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும்; பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு அல்ல. வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை அணியிலிருந்து நீக்கவும் கூடாது.

வகுப்பில் இப்போது அவளை அந்தப் பானத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். பஸ் நிலையப் பக்கம் வராமல் சுற்றுவழியால் பள்ளிக்கூடம் போகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.