கணக்கில் வராத பிரசவங்கள்

இலங்கையில் தாயொருவர் பிரசவத்தின்போதோ அதனையொட்டிய நாட்களிலோ உயிரிழப்பாராயின், அம்மரணம் வெறுமனே பதிவேட்டில் எழுதப்பட்டு மறக்கப்படுவதில்லை. அப்பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் முதல் வைத்தியசாலையின் மகப்பேற்று வைத்திய நிபுணர் வரை அனைவரும் விளக்கமளிக்க வேண்டும். தவறு எங்கே நிகழ்ந்தது என மாவட்ட மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் ஆராயப்படும். 1926 இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதார அலகு முறையும், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதும், இந்த மீளாய்வு நடைமுறையும் சேர்ந்தே தாய் மரணங்களைக் குறைப்பதில் இந்நாட்டைத் தெற்காசியாவின் முன்மாதிரியாக்கின எனலாம். அப்பெருமை நியாயமானதே. ஆனால் யுத்த காலத்தில் வடக்கிலே பிள்ளை பெற்ற தாய்மார் இந்தக் கணக்கில் எந்தளவுக்கு இடம்பெற்றனர் என்ற கேள்வி இன்றுவரை உரத்து எழுப்பப்படவில்லை.

1981 இன் பின்னர் வடக்கில் முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெற்றது 2012 இலேயே. 1987, 1993 ஆம் ஆண்டுகளின் குடிசன சுகாதார ஆய்வுகள் வடக்கையும் கிழக்கையும் தவிர்த்தே நடத்தப்பட்டன. 2006/07 ஆய்வில் வட மாகாணம் இடம்பெறவில்லை. பாதுகாப்பு நிலைமையே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அது பொய்யல்ல. எனினும் அந்த ஆய்வுகளைக் கொண்டு 'தேசிய' நிலைமை என்று பேசப்பட்டபோது அதற்குள் வடபகுதித் தாய்மார் இருக்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.

1990 இல் யாழ்.குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. ஜாம் போத்தலுக்குள் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பிறந்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டனர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நிறைமாதக் கர்ப்பிணிகளும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தனர். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டு இரவில் ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தது. பிரசவ வலி ஊரடங்கு நேரம் பார்த்து வருவதில்லை. அம்புலன்ஸ் வண்டி வருமா, வந்தாலும் சோதனைச் சாவடியைத் தாண்டுமா என்ற அச்சத்தில் குறித்த திகதிக்குப் பல நாட்கள் முன்னரே வைத்தியசாலைக்குச் சென்று தங்குவது பல குடும்பங்களின் வழக்கமாயிற்று.

இவை யாவற்றிலும் பாரதூரமானது 2009 இன் வன்னி நிலைமையாகும். அங்கே எஞ்சியிருந்த மக்கள் தொகை 70,000 அளவிலானதென அவ்வாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் கூறியது. யுத்தம் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்திருந்தவர்களோ 2,80,000 பேருக்கும் அதிகமானோர். இந்த வேறுபாட்டை உணவுப் பொருட்களோடு தொடர்புபடுத்தியே பலரும் பேசியுள்ளனர். பிரசவத்தோடு தொடர்புபடுத்திப் பார்ப்போம். அக்காலத்தில் நாட்டின் பிறப்பு வீதம் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 18 ஆகும். அதன்படி 70,000 பேர் வாழுமிடத்தில் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு பிரசவங்கள் நிகழும். 2,80,000 பேருக்கோ நாளொன்றுக்குப் பதினான்கு. பிரசவங்களுள் நூற்றுக்குப் பதினைந்து சிக்கலாகக்கூடுமென்பது மருத்துவ உலகின் பொதுவான மதிப்பீடு. எனவே ஒவ்வொரு நாளும் இரண்டு தாய்மாருக்கேனும் சத்திரசிகிச்சையோ குருதியோ அவசர மருந்தோ தேவைப்பட்டிருக்கும். இது மதிப்பீடேயன்றிப் பதிவல்ல. பதிவு இல்லாமையே இங்குள்ள பிரச்சினை.

அந்த இரண்டு பேர் எங்கே செல்வது? கிளிநொச்சி வைத்தியசாலை 2008 இன் பிற்பகுதியிலேயே இடம்பெயர்ந்துவிட்டது. 2009 பெப்ரவரி முதல் நாட்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் ஷெல் வீச்சுக்கு இலக்கானது. பின்னர் புதுமாத்தளன், அதன் பின்னர் முள்ளிவாய்க்கால் எனப் பாடசாலைக் கட்டடங்களும் கூடாரங்களும் வைத்தியசாலைகளாயின. மயக்க மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் போதவில்லை என அங்கிருந்த அரச வைத்தியர்கள் திரும்பத் திரும்ப அறிவித்தனர். வன்னியின் வைத்தியசாலைகள் அனேகமாக அனைத்துமே எறிகணைகளால் தாக்கப்பட்டதாக ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. மறுபுறம், மக்கள் வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்ததையும், தப்பிச் செல்ல முயன்றோர் மீது சுட்டதையும் அதே அறிக்கை குறிப்பிடுகின்றது. கர்ப்பிணிக்கு இரு பக்கமும் வழி அடைபட்டிருந்தது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு பெப்ரவரி முதல் மே 9 வரை கடல் வழியாகத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுசென்ற நோயாளர்கள், காயமடைந்தோர், உடன் சென்றோர் 13,000 பேருக்கும் அதிகமாவர். கர்ப்பிணிகளும் அவர்களுள் அடங்குவர். மே 9 இன் பின்னர் கப்பல் வரவில்லை.

முற்றுகையிடப்பட்ட இடங்களிலிருந்து பிரசவ நிலையிலுள்ள பெண்களை வெளியேற்ற உடன்பாடு காண முயலவேண்டுமென 1949 இன் நான்காம் ஜெனீவா சாசனத்தின் 17 ஆம் உறுப்புரை கூறுகின்றது. கர்ப்பிணிகளுக்கான உணவுக்கும் சத்து மருந்துக்கும் வழிவிட வேண்டுமென்கிறது 23 ஆம் உறுப்புரை. இவை நாடுகளுக்கிடையிலான யுத்தத்துக்குரியவை என்று சட்டவாதம் செய்யலாம். ஆனால் வைத்தியசாலைகளும் மருத்துவப் பணியாளரும் பாதுகாக்கப்பட வேண்டுமென்பது உள்நாட்டு யுத்தத்துக்கும் பொருந்தும் வழமைச் சட்டமாகும். அதற்கு விதிவிலக்குக் கோர எத்தரப்புக்கும் உரிமையில்லை.

யுத்தத்தின் பின்னர் கட்டடங்கள் எழுந்துள்ளன. நெதர்லாந்தின் உதவியுடன் அமைந்த பெண்களுக்கான சிறப்புச் சிகிச்சை நிலையம் 2024 இல் கிளிநொச்சியில் திறந்துவைக்கப்பட்டது. வரவேற்க வேண்டியதே. ஆனால் புதிய கட்டடத்தால் பழைய கணக்கை நிரப்பிவிட முடியாது. குண்டுச் சத்தத்தினிடையே பதுங்குகுழிக்குள் தொப்புள்கொடி அறுத்த குடும்பநல உத்தியோகத்தர்களும் தாதியரும் தாமும் இடம்பெயர்ந்தவர்களே, தம் பிள்ளைகளையும் காவிக்கொண்டு ஓடியவர்களே. அவர்களது பதிவேடுகளில் பெரும்பகுதி அந்த மணலிலேயே அழிந்துபோயிற்று. எஞ்சியிருப்பது அவர்களது ஞாபகம் மட்டுமே. அன்று நாற்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தவர்கள் இப்போது ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கின்றனர்.

தாய் மரணமொன்றை விசாரிக்கும் நடைமுறையும் ஆளணியும் சுகாதாரத் திணைக்களத்திடம் உள்ளன. வன்னியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கடமையாற்றியவர்களை அழைத்து, எத்தனை பிரசவங்கள் பார்த்தீர்கள், எத்தனை தாய்மாரை இழந்தீர்கள், எந்த மருந்து இருந்திருந்தால் அவர்களுள் எவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று கேட்டு எழுதுவதற்குப் புதிய சட்டமோ ஆணைக்குழுவோ தேவையில்லை. மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளரின் ஒரு சுற்றுநிருபமே போதும்.