வெயில் தந்த சூடு போதாது

பரந்தனைக் கடந்து வடக்கே செல்லும் பஸ் ஆனையிறவை அடைந்ததும், ஆரவாரம் செய்துவந்த மாணவர்களும் சற்று அடங்கிவிடுவர். இருபுறமும் கடல்நீரேரி, உப்பளத்தின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும், சோளகக் காலமாயின் காற்று சட்டையைப் பிடித்திழுக்கும். மெய்வல்லுநர் போட்டிகளுக்காக மாணவரை அழைத்துக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இவ்வழியே பன்முறை சென்றிருக்கின்றோம். அவற்றுள் ஒரு பயணம் இன்றும் மனத்தை உறுத்துகின்றது.

அன்று பஸ் தாமதித்தது. மைதானத்தில் இறங்கும்போதே 200 மீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சேர், கொஞ்சம் ஓடிப் பார்த்துவிட்டு வரட்டுமா?" என்றான் நம் மாணவன். "ஆனையிறவு வெயிலில் காய்ந்து வந்த உடம்புக்கு இனி என்ன சூடு வேண்டியிருக்கிறது? போய் நில்" என்றோம். வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்கு வந்தவன் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டான். அவ்வாண்டு அவன் மீண்டும் ஓடவில்லை. நம்மை நொந்து ஒரு சொல்லும் அவன் சொல்லாததே நமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

வெயில் தோலைச் சுடும்; ஓடுமுன்பே வியர்வையைப் பறிக்கும். இருக்கையில் மடங்கிக் கிடந்த தொடைத்தசைக்குள் இரத்தத்தைப் பாயச் செய்வதும், ஓட்டத்தின் அசைவுகளை நரம்புக்கு நினைவூட்டுவதும் அதனால் ஆகுமோ? தசையின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அதன் வலு 2 முதல் 5 வீதம் வரை கூடும் என்பர். உடலை உஷ்ணப்படுத்தியபின் கடும் வேலை விரைவில் முடிகின்றது என்பதை டென்மார்க்கு அறிஞரான அஸ்முசன், போயே இருவரும் 1945இலேயே காட்டினர்.

செய்முறை எளிது. மெல்லிய வியர்வை அரும்பும்வரை ஐந்தாறு நிமிடம் மெதுவாக ஓடுக. பின்னர் காலை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை உயர்த்தி நடத்தல், நீள அடிவைத்துத் தாழ்தல். இறுதியாக, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி 50 மீற்றர் அளவில் மூன்று நான்கு ஓட்டங்கள். தரையிலிருந்து கால்விரலைப் பிடித்து நெடுநேரம் இழுத்து வைத்திருக்கும் பழைய வழக்கத்தை நாமும் கற்பித்தவரே. ஒரு நிமிடத்துக்கு மேல் அவ்வாறு இழுத்தால் தசையின் வலு சிறிது குன்றும் என்று இன்று அறிகின்றோம். நெடுந்தூரம் ஓடுவோர் கடும் வெயிலில் இவற்றைக் குறைத்து, நிழலில் நிற்பதே நன்று.

இத்தனையும் செய்த பிள்ளைகளை விருந்தினர் வரும்வரை அணிவகுப்பில் அரைமணி நிறுத்தி வைக்கின்றோமே, அதுதான் வேடிக்கை! பெற்ற பயனில் பெரும்பகுதி கால்மணி நேரத்தில் கரைந்துவிடும். உயரம் பாய்வோர்க்கு இத்தொல்லை மிகுதி. ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுநேரம் காத்திருத்தல் வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றது இத்தகைய போட்டியிலேயே. காத்திருக்கும்போது மேற்சட்டையைக் களையாது, இடையிடையே துள்ளி நடந்து சூட்டைக் காப்பதும் பாய்வோர் கற்கவேண்டிய கலையே.

இப்பொழுதெல்லாம் பஸ் தாமதித்தால் நாமே பெயர் கூப்பிடும் மேசைக்குச் சென்று பத்து நிமிடம் கேட்கின்றோம். சிலர் தருவர்; சிலர் தாரார். தாராவிடின் அவ்வோட்டத்தை விட்டுவிடச் சொல்கின்றோம். மாணவன் முகம் சுருங்கும், சுருங்கட்டும்.