கடன் வசூலிக்கப் போனவன்

கொலையும் கொள்ளையும் ஒரு பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் கைகூடிவிடுகிற வீடியோ கேம்களில் இரவு பகலாக மூழ்கிக் கிடக்கும் வாலிபர்களுக்கு அவற்றால் என்ன நற்குணம் வாய்க்கப் போகிறது என்று பெற்றோரும் ஆசிரியரும் கேட்பது நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் வரிசையில் நெடுங்காலம் நானும் நின்றிருந்தேன் என்பதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் வீட்டில் ஒருவன் ஒரு கொள்ளைக்காரனின் கதையை ஆடிக்கொண்டிருந்தபோது, நள்ளிரவில், திரையில் ஒரு குதிரை இறந்து விழுந்ததற்காகக் கண் கலங்கி உட்கார்ந்திருந்ததைக் கண்ட பிறகு, நாம் எதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லி வந்தோமோ அதைப் பார்த்ததே இல்லையே என்ற வெட்கம் வந்துவிட்டது. பக்கத்தில் அமர்ந்து பார்க்கலானேன். அந்த ஆட்டத்தின் பெயர் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2.

ராக்ஸ்டார் என்ற நிறுவனம் 2018 அக்டோபர் 26 அன்று இதை வெளியிட்டது. இதுவரை 6 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றிருக்கின்றன. கதை நிகழும் காலம் 1899. அமெரிக்காவின் மேற்கெல்லையில் குடியேற்றம் முடிந்துவிட்டது, இனி எல்லைக்கோடு என்று ஒன்று இல்லை என்பதை 1890-ஆம் ஆண்டின் குடிக்கணக்கே அறிவித்துவிட்டிருந்த காலம் அது. ஃபிரடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற சரித்திர ஆசிரியர் அந்த அறிவிப்பையே ஆதாரமாகக் கொண்டு 1893-இல் தம் புகழ்பெற்ற கட்டுரையை வாசித்திருந்தார். ரயிலும் தந்தியும் வங்கியும் சட்டமும் ஊர் ஊராக வந்து சேர்ந்துவிட்ட பின்னரும், குதிரையேறிக் கொள்ளையடித்து வாழ்ந்துவிடலாம் என்று நம்பிய கடைசிக் கூட்டங்கள் சில அங்கே அலைந்துகொண்டிருந்தன. மெய்யான சரித்திரத்திலேயே அதே 1899-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி வயோமிங் மாநிலத்தின் வில்காக்ஸ் என்ற இடத்தில் ஒரு கூட்டம் ரயிலை மறித்துப் பெட்டகத்தை வெடி வைத்து உடைத்தது. அவர்களைத் துரத்தியவர்களில் பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தாரும் இருந்தார்கள். ஆட்டத்திலும் டச் வான் டெர் லிண்டே என்பவனுடைய கூட்டத்தைத் துரத்துகிறவர்கள் அந்தப் பிங்கர்ட்டன்காரர்கள்தாம். (இன்றைக்கும் உயிரோடிருக்கும் அந்த நிறுவனம் தன் பெயரைப் பயன்படுத்தியதற்கு ஆட்சேபம் தெரிவிக்க, ஆட்டத்தை வெளியிட்டவர்கள் 2019-இல் நீதிமன்றம் ஏற, பின்னர் நிறுவனமே அந்த ஆட்சேபத்தைக் கைவிட்டது. நூற்றிருபது ஆண்டு கழித்தும் துரத்தல் ஓயவில்லை போலும்!)

இவ்வளவும் கதைக்குப் பின்னாலுள்ள திரை. அதன் முன்னே நடப்பது வேறு. டச்சின் வலக்கையாகிய ஆர்தர் மார்கன்தான் நாம் ஆடும் பாத்திரம். அந்தக் கூட்டத்தில் ஸ்ட்ராஸ் என்றொரு ஆஸ்திரியன், ஏழைகளுக்கு அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு, வசூலிக்க ஆர்தரை அனுப்புகிறவன். அப்படி ஆர்தர் தேடிப்போன கடன்காரர்களில் தாமஸ் டௌன்ஸ் ஒருவர். வாலன்டைன் என்ற சிற்றூருக்கு வெளியே சிறு பண்ணையை வைத்துக்கொண்டு, தமக்கே வழியில்லாத நிலையிலும் ஊர் ஏழைகளுக்காக நன்கொடை திரட்டிக்கொண்டிருக்கும் சாது மனிதர்; ஆர்தர் ஒருவனைத் தெருச் சேற்றில் போட்டு அடித்துக் கொல்லவிருந்த சமயத்தில் ஓடி வந்து தடுத்தவரும் அவரே. அந்த மனிதரின் தோட்டத்துக்குள் ஆர்தர் புகுந்து, வேலியோடு சாய்த்து, மனைவியும் மகனும் பார்த்திருக்க அடிக்கிறான். அடிபட்டவர் இருமுகிறார், இருமலில் வந்த இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. அவன் துடைத்துக்கொண்டு போய்விடுகிறான். ஆடுகிறவனும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். பத்தோடு பதினொன்றாக அதுவும் ஒரு மிஷன், முடிந்தது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைத்தவனுக்குப் பல வாரங்கள் கழித்து விடை வருகிறது. முழுக் கதையையும் ஆடி முடிக்க ஐம்பது, அறுபது மணி நேரம் வேண்டும். வேலைக்குப் போய்வந்து ஆடுகிறவனுக்கு அது இரண்டு மூன்று மாத காலத்து விவகாரம். இடையில் ஆர்தர் இருமத் தொடங்குகிறான். முதலில் ஆட்டக்காரன் அதைப் பொருட்படுத்துவதில்லை. பிறகு செயின்ட் டெனிஸ் என்ற பெருநகரத்தின் தெருவில் அவன் சுருண்டு விழ, வழிப்போக்கன் ஒருவன் தூக்கி நிறுத்தி மருத்துவரிடம் சேர்ப்பிக்க, மருத்துவர் க்ஷயரோகம் என்கிறார். அந்தக் கணத்தில் ஆர்தரின் நினைவுக்கு வருவது எதுவோ அதுவே ஆடுகிறவன் நினைவுக்கும் வருகிறது: வேலியோரம், இருமல், முகத்தில் தெறித்த இரத்தம். அடித்த கை அவனுடையதுதானே!

வெப்பமும் வறட்சியுமான பிரதேசத்துக்குப் போய் ஓய்வெடு என்பதற்குமேல் 1899-இல் ஒரு மருத்துவர் சொல்லக்கூடியது அதிகமில்லை. ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டு சொல்லிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தும், அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் கைக்கு வர இன்னும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தன. மேற்கின் சூதாடியாகவும் துப்பாக்கிக்காரனாகவும் பெயர் பெற்ற டாக் ஹாலிடே என்ற பல் மருத்துவன் இந்த ரோகத்தோடுதான் மேற்கே போனான். 1887-இல் கொலராடோவில் படுக்கையிலேயே மாண்டபோது அவனுக்கு வயது 36. ஆர்தருக்கும் ஏறக்குறைய அதே வயது. காசநோய் என்ற சொல்லைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் குடும்பங்களில் வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு, தாம்பரத்தில் சவரிமுத்து டாக்டர் 1928-இல் சானடோரியம் நிறுவியதையும், வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதைப் பின்னாளில் சென்னையில் நடந்த ஆராய்ச்சி உலகத்துக்கு நிரூபித்ததையும் நினைக்கும்போது, அரை நூற்றாண்டு முன்னே பிறந்துவிட்ட துர்ப்பாக்கியம் என்பது என்னவென்று மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே விளங்கும்.

இதே கதையை நாவலாகப் படித்தாலும் திரைப்படமாகப் பார்த்தாலும் இந்த அளவுக்கு உறைக்குமா? உறைக்காது என்பது என் கட்சி. நாவலில் பாவம் செய்கிறவன் வேறொருவன். நாம் அவனைப் பார்த்து இரங்கலாம், வெறுக்கலாம், மேதாவித்தனமாக மன்னிக்கவும் செய்யலாம். இங்கே கதாசிரியர்கள் செய்த தந்திரம், அடிக்க வேண்டிய பொத்தானை நம் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துவிட்டதுதான். குற்றத்தைக் கருவாகக் கொண்ட பெரும்பாலான ஆட்டங்களில் குற்றம் மறுநிமிடம் ஆவியாகிப் போகும். தெருவில் ஒருவனைச் சுட்டுவிட்டு ஒரு சந்துக்குள் ஒளிந்திருந்தால் போலீஸ்காரர்களும் மறந்துவிடுவார்கள், செத்தவனுக்கும் பெயர் இல்லை. இங்கோ அடிபட்டுப் பின்னர் செத்துப்போன டௌன்ஸுக்குப் பெயர் இருக்கிறது, பண்ணை இருக்கிறது, மனைவி ஈடித் இருக்கிறாள், மகன் ஆர்ச்சி இருக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்கு இருக்கிறது. வசூலிக்கப் போனவனே கடனாளியாகித் திரும்பிய கணக்கு அது. தன் மகனையும் மகனைப் பெற்றவளையும் வெறும் 10 டாலருக்காக எவரோ கொன்றுபோன துக்கத்தைத் தனக்குள்ளே புதைத்து வைத்திருக்கும் ஒருவன், அதே தொழிலைப் பிறர் குடும்பங்களிடம் செய்துகொண்டிருந்தான் என்பதும் மெல்லத்தான் நமக்குத் தெரியவருகிறது.

மெல்ல என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதினேன். இந்த ஆட்டத்தின் மந்தகதியைக் குறைகூறாதவர்கள் குறைவு. குதிரைக்குத் தீனி வைக்க வேண்டும், தேய்த்துவிட வேண்டும். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிட வேண்டும். தாடி தானாக வளரும், நாமாகத்தான் மழிக்க வேண்டும். வேட்டையாடிய மானின் தோலை உரிப்பதைக்கூடத் தாண்டிப் போகவிடாமல் முழுவதும் காட்டுவார்கள். முகாமில் சமையற்காரனுக்கு இறைச்சி கொடுத்து, பொதுப் பெட்டியில் பணம் போட்டு, இரவில் தீமூட்டிச் சுற்றி உட்கார்ந்து பிறர் பாடுவதைக் கேட்டு, எதுவுமே நடக்காத ஒரு சாயங்காலத்தைக் கழிக்கலாம். பொறுமையற்றவனுக்கு இது தண்டனை. ஆனால் பாசம் என்பது வேறெப்படித்தான் வளரும்? ஒருவரோடு ஒருவர் அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் இருந்ததனாலேயே, பின்னால் முகாமில் ஓர் இருக்கை காலியாகும்போது ஆட்டக்காரனுக்கு நெஞ்சு கனக்கிறது. நான் கண்ட அந்த நள்ளிரவுக் கண்ணீரின் காரணமும் அதுதான். பெயர் வைத்து, தட்டிக்கொடுத்து, அத்தனை தூரம் ஏறிவந்த குதிரை கடைசித் துரத்தலில் சுடப்பட்டு விழ, தப்பியோட ஒரு வினாடியும் மிச்சமில்லாத அந்த வேளையிலும் ஆர்தர் அதன் பக்கத்தில் மண்டியிட்டு நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுகிறான்.

கூட்டத்தின் தலைவனாகிய டச் கொள்ளைக்காரனாயினும் புத்தகம் படிக்கிறவன். சுதந்திரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவன். தாஹிட்டித் தீவுக்குப் போய் மாம்பழத் தோட்டத்தில் நிம்மதியாக வாழ்வோம், இன்னும் ஒரே ஒரு கொள்ளை போதும் என்று ஒவ்வொரு முறையும் வாக்களிக்கிறவன். அநாதைச் சிறுவனாக அலைந்த ஆர்தரை எடுத்து வளர்த்து, சுடவும் கற்பித்து, மகனே என்று அழைத்தவனும் அவனே. அந்தத் தலைவன் படிப்படியாகக் கொடியவனாகிக்கொண்டு வருவதைக் கண்ணாரக் கண்டும் ஆர்தரால் விட்டு விலக முடிவதில்லை. இதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ உளநூல் விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். நமக்குச் செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரு சொற்றொடர் போதும். கர்ணனைத் தெருக்கூத்தில் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆர்தர் அந்நியன் அல்ல. வித்தியாசம் ஒன்று உண்டு: கர்ணன் கடைசிவரை விலகவில்லை, ஆர்தர் மரணம் நிச்சயமான பிறகு விலகுகிறான். இனித் தனக்கென்று சேர்த்துவைக்க ஒன்றுமில்லை என்று ஆனபின், கூட்டத்தில் இளையவனாகிய ஜான் மார்ஸ்டனையும் அவன் மனைவி மகனையும் தப்புவித்துவிடுவதே மிஞ்சிய வேலை என்று தீர்மானிக்கிறான். வட்டிக்கடை ஸ்ட்ராஸையும் முகாமைவிட்டு விரட்டிவிடுகிறான்.

அந்த ஜானும் பிழைக்கப் போவதில்லை என்பது ஆட்டக்காரர்களுக்கு முன்னரே தெரியும். 2010-இல் வந்த முதல் ஆட்டத்தில் 1911-ஆம் ஆண்டில் அவன் தன் பண்ணை வாசலில் சுடப்பட்டு வீழ்ந்ததை அவர்கள் கண்டிருக்கிறார்கள். முடிவு தெரிந்த கதையை விடிய விடியப் பார்க்கும் சம்பிரதாயம் நமக்குப் பழக்கமானதே. ஆர்தரின் மரணமும் அப்படித்தான்: நல்வழியில் ஆடினாலும் தீயவழியில் ஆடினாலும் அவன் இறப்பது உறுதி, மாறுவது இறக்கும் விதம் மட்டும். நல்லவனாக ஆடியவனுக்கு மலைமுகட்டில் சூரியோதயத்தைப் பார்த்தபடி அமைதியான சாவு கிட்டும். தீயவனாக ஆடியவனை மைக்கா என்ற துரோகி கொல்லுவான். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு ரயில் நிலையத்து பெஞ்சில் அமர்ந்து, சிலருடைய ஆட்டத்தில் ஒரு கன்னிகாஸ்திரீயிடமும் சிலருடைய ஆட்டத்தில் ஒரு பாதிரியாரிடமும், சாகப் போவதைப் பற்றி அவன் மனம்விட்டுப் பேசும் இடம் ஒன்று உண்டு. அதற்கு முன்னே அவன் சுட்டு வீழ்த்தியவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள்.

இந்த முரண்பாட்டைக் குறையாகவே சொல்லவேண்டும். ஒரு டௌன்ஸின் சாவுக்கு அவ்வளவு பெரிய கணக்கு வைத்த கதை, துரத்தி வரும் குதிரைவீரர்களைப் பெயரின்றிக் கூட்டங்கூட்டமாகச் சாகவிடுகிறது. பரந்த உலகத்தைக் கொடுத்துவிட்டு, மிஷன் தொடங்கியதும் குறித்த பாதையைவிட்டு நான்கடி விலகினாலே தோற்றுவிட்டாய் என்று நிறுத்திவிடும் கெடுபிடியும் எனக்கு உவப்பாயில்லை. இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வெளியீட்டுக்கு முந்திய வாரங்களில், பிரதான எழுத்தாளர் டான் ஹௌசர் வாரத்துக்கு 100 மணி நேரம் வேலை செய்ததைப் பெருமையாகச் சொல்லப் போக, அது எழுத்துக்குழுவின் நால்வர் மூன்று வாரம் மட்டும் உழைத்ததைக் குறிக்கும் என்று பிறகு அவரே விளக்கவேண்டியதாயிற்று. ஆனால் அந்த நிறுவனத்தின் மற்றத் தொழிலாளர்கள் பலரும் தம் கடுமையான ஓவர்டைம் அனுபவங்களை அப்போதுதான் வெளியே சொன்னார்கள். எளியோரிடம் வசூலித்த கடனைப் பற்றிய கதைக்குப் பின்னால் இப்படியொரு கடன் நின்றது என்பதை ரசிகர்கள் மறந்துவிடலாகாது.

ஆயினும் என் அபிப்பிராயம் மாறவில்லை. இந்த ஆட்டத்தை ஆதாரமாக வைத்து, அந்தக் காலத்து அமெரிக்கச் சரித்திரத்தை டென்னஸி பல்கலைக்கழகத்தில் டோரே ஓல்சன் என்ற பேராசிரியர் 2021-இல் பாடமாகவே நடத்தினார். மாணவர்களைச் சரித்திரத்தின் வாசலுக்கு இழுத்துவந்தது ஒரு கொள்ளைக்காரன்தான்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் இந்த ஆட்டத்துக்கு 18 வயது நிரம்பியவர்களுக்கென்றே முத்திரையிட்டிருக்கிறார்கள். சிறுவர் கையில் கொடுக்காதீர்கள். வயது வந்த மகனோ மகளோ ஆடிக்கொண்டிருந்தால், எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்காதீர்கள். கதையின் பிற்பகுதியில், பண்ணையை இழந்த ஈடித் டௌன்ஸ் ஆன்னஸ்பர்க் என்ற சுரங்க ஊரில் உடலை விற்று வாழ்கிறாள். பையன் ஆர்ச்சி சுரங்கத்தில் உழைக்கிறான். அவர்களைத் தேடிப்போய்ப் பணத்தைக் கொடுத்து அந்த ஊரைவிட்டு அனுப்பிவைக்கும் பகுதி ஒன்று உண்டு. பாவமன்னிப்பைத் தேடாதே என்பது அதன் தலைப்பின் பொருள். அது கட்டாயமன்று, ஆடாமலே கதையை முடித்துவிடலாம். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தாயா என்று கேளுங்கள்.