ஓடும் நீர் என்னும் சாக்கு

"ஓடும் நீரை அசுத்தம் பற்றாது, ஆகவே ஆற்றில் எதைக் கொட்டினாலும் குற்றமில்லை" என்போர் நம்மிடையே உளர். மார்க்கத்தின் பெயரால் எழுப்பப்படும் இவ்வாதத்தை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வடவெல்லையில் ஓடும் வெள்ளாறு, லப்பைக்குடிகாட்டையும் திட்டக்குடியையும் கடந்து, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியே பறங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. போர்த்துக்கீசியர் 'புதிய துறைமுகம்' எனும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றழைத்த அவ்வூரை நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்றனர். 1781ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் சேனை ஆங்கிலேயரை எதிர்த்துப் பொருததும் அதனருகில்தான். இப்பெருமைகளை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் மரக்கலங்களுக்குப் புகலிடம் தந்த முகத்துவாரம் இந்த ஆறு அமைத்ததன்றோ! துறைமுகத்தைப் போற்றிக்கொண்டே அதன் ஆற்றில் குப்பை கொட்டுவது என்ன நியாயம்?

ஃபிக்ஹு நூல்கள் கூறுவதென்ன? ஓடும் நீரில் நஜீஸ் விழினும், நிறமும் சுவையும் வாடையும் மாறாத வரையில் அந்நீரில் ஒளூச் செய்யலாம் என்பதே ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஒளூச் செய்பவனுக்கு அளிக்கப்பட்ட சலுகை இது. கழிவு கொட்டுபவனுக்கு வழங்கப்பட்ட அனுமதியன்று. நீர்த்துறைகளில் மலஜலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய செயலென எச்சரித்தவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள்.

மேலும், வெள்ளாறு ஆண்டெல்லாம் ஓடுகிறதா? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பெரும்பகுதி மணலும் குட்டைகளுமே. அம்மணலையும் அள்ளிச் செல்கின்றனர். தேங்கிய நீரில் நாம் எறியும் குர்பானிக் கழிவும், இறைச்சிக் கடைக் கழிவும், சாக்கடையும் அழுகிக் கிடக்கின்றன. நிறமும் வாடையும் மாறிய அந்நீருக்கு ஓடும் நீரின் சட்டம் எங்ஙனம் பொருந்தும்? அடுத்த வெள்ளம் அவ்வளவையும் வாரிச் சென்று, மீன் குஞ்சுகள் வளரும் முகத்துவாரத்தில் சேர்க்கிறது. அங்கே வலை வீசிப் பிழைப்போர் நமக்கு என்ன தீங்கு செய்தனர்?

கரையோர ஜமாஅத்துகள் குர்பானிக் கழிவைப் புதைக்க இப்போதே இடம் ஒதுக்கட்டும். பள்ளிவாசலின் கழிவுநீர் ஆற்றில் விழுமாயின் முத்தவல்லிகள் அதை முதலில் அடைக்கட்டும். ஆலிம்கள் ஜும்ஆ மேடையில் இச்சட்டத்தை முழுமையாக விளக்கட்டும். பாதியை மட்டும் கூறி மக்களை வழிதவறச் செய்ய வேண்டா. கரத்தால் பிறருக்குத் தீங்கிழைக்காதவனே முஸ்லிம் என்று கற்பிக்கிறோம். ஆற்றின் மேற்புறத்தில் நாம் கொட்டுவது கீழ்ப்புறத்தில் வாழ்வோரைச் சென்றடையுமாயின், அதுவும் நம் கரம் செய்த தீங்கேயாகும். அல்லாஹ் நமக்கு நல்லுணர்வு நல்குவானாக!