வெடியரசனுக்கு யார் வழக்குரைப்பார்?

யாழ்ப்பாணத்துத் தீவகத்தைப் பற்றி நம் சங்க மலர்களில் எழுதுவோர்க்கு ஒரு வழக்கம் உண்டு. எடுத்தவுடன் மணிமேகலையைத் தொடுவர். நயினாதீவே மணிபல்லவம் என்று நாட்டுவர். அல்லது அன்று என்று மறுப்பர். கோமுகிப் பொய்கையையும் அமுதசுரபியையும் கூறிக் கட்டுரையை முடித்துவிடுவர். அத்தீவுகளில் வாழும் மக்கள் தம் கரையைக் குறித்துத் தாமே வழிவழியாகச் சொல்லிவரும் கதைகளுக்கு அங்கே இடமில்லை. ஏன் என்று கேட்டால், "அவை பாமரர் கட்டிய கதைகள், ஆராய்ச்சிக்கு உதவா" என்பது விடை. இவ்விடை தவறு மட்டுமன்று, பெருந்தீங்கும் ஆகும் என்பதே என் வாதம்.

நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரின் பெயரால் டெல்ப்ட் என்றழைத்த தீவு அது. சுண்ணக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகளும், காட்டில் திரியும் மட்டக் குதிரைகளும் அதன் அடையாளங்கள். அங்கே வெடியரசன் கோட்டை என்று மக்கள் காட்டும் இடிபாடு ஒன்று உண்டு. வெடியரசன் முக்குவர் குலத்து மன்னன் என்பது கதை. கண்ணகியின் சிலம்பில் இடுதற்கு நாகமணி வேண்டிக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மீகாமன் என்பான் கலமேறி வந்தான். அவனைக் கடலில் வழிமறித்துப் போர் செய்தவன் வெடியரசன். மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்பெறும் கண்ணகி வழக்குரையில் இப்போர் 'கடலோட்டு காதை' என்னும் பகுதியாக விரிகிறது.

சிலப்பதிகாரம் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல் இருந்தது என்று கூறும். பாண்டியன் உயிரை வாங்கிய பரல் அது. ஆனால் அந்த மாணிக்கம் எந்த மண்ணிலிருந்து, யார் கையிலிருந்து வந்தது என்று காப்பியம் நின்று கேட்கவில்லை. அதற்கு அது வேண்டாத வினா. கேட்டவர்கள் கடலோரத்து மக்கள். புகாரின் செல்வர் வீட்டுத் திருமணத்திற்கு மணி கொண்டுபோன கலத்தை, அது வந்து நின்ற கரையிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். பெருங்காப்பியம் சொல்லாது விட்ட பாதியைச் சொல்லும் கதையைக் கட்டுக்கதை என்று தள்ளுவது எவ்வகை ஆராய்ச்சி?

தங்கவயலைச் சார்ந்து வாழும் நமக்கு இக்கதை விளங்காமற் போனால் வேறு யாருக்கு விளங்கும்? 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் முன்னோர் மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தனர். பொன்னின் விலையைச் சொல்லும் ஏடுகள் இலண்டனில் இருந்தன. எடுத்தவர் கதை லைன் வீட்டுத் திண்ணைகளில் இருந்தது.

நயினாதீவுக் கதையும் இத்தகையதே. புளியந்தீவிலிருந்து நாள்தோறும் மலர் கொண்டு நீந்திவந்து அம்மனை வழிபட்ட நாகத்தைக் கருடன் தடுத்தது. அவ்வழியே வந்த வணிகன் ஒருவன் தன் கலத்துச் சரக்கெல்லாம் அம்மனுக்கு ஈவதாக நேர்ந்து பகையைத் தீர்த்தான் என்பர். கடலில் இரு பாறைகளைக் காட்டி, இது பாம்பு சுற்றிய கல், இது கருடன் கல் என்பர். இதே தீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒன்று அரசுக்கு, மூன்று உடையவனுக்கு; பிற சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி என்று அது விதிக்கிறது. கரை சேர்ந்த சரக்கில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அத்துறையில் எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்குக் கல்லே சான்று. வணிகன் முழுச் சரக்கையும் கொடுத்தான் என்னும் கதையை இக்கல்லோடு சேர்த்துப் படித்தவர் எத்தனை பேர்?

இனி, தீங்கு என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். வெடியரசன் கோட்டை எனப்படும் இடிபாடுகள் பண்டைப் பௌத்த தூபிகளே என்று ஒரு சாரார் கூறுகின்றனர்; இல்லை, தமிழ் மன்னன் கோட்டையே என்று மறு சாரார் கொதிக்கின்றனர். பௌத்தம் என்றால் சிங்களம் என்று இருவருமே ஒப்புக்கொண்டுதான் சண்டையிடுகின்றனர்! மாரிக்குப்பத்தில் பிறந்தவன் எவனும் இதைக் கேட்டுச் சிரிப்பான். அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை இந்த வயலிலிருந்துதானே அச்சிட்டது? ஜி. அப்பாதுரையார் இங்கிருந்துதானே தமிழ்ப் பௌத்தம் பேசினார்? தூபியும் தமிழருடையதாக இருக்கலாம். அது பாழான பின்னர் அதனருகே வாழ்ந்தவர் அதனைத் தம் மன்னன் கோட்டை என்று வழங்கியும் இருக்கலாம். ஒன்று மெய்யாக மற்றொன்று பொய்யாக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையைப் பல பாடங்களோடும் எழுதி வைக்காதவன் எந்த அவையிலும் வாய் திறக்க இயலாது. பெயர்ப்பலகை நடுபவன் ஒரு நாளில் நட்டுவிடுவான். பாட்டியின் வாய்மொழியைத் தேட ஒரு தலைமுறை வேண்டும்.

பண்டிதர் செய்தது என்ன? பண்டிகையையும் சடங்கையும் ஊர்க்கதையையும் மூடநம்பிக்கை என்று எறிந்துவிடாமல், அவற்றுள் புதைந்த வரலாறு யாது என்று தோண்டினார். அவர் முடிபுகள் எல்லாவற்றையும் நான் ஏற்பவன் அல்லன். தோண்டினார் என்பதே பெரிது. அதுபோல, வெடியரசனுக்கு ஆண்டு குறித்துச் சங்க காலத்தில் அமர்த்தப் புறப்படும் நண்பர்களுக்கும் நான் துணையல்லேன். கதை ஆண்டுக்கணக்கு அன்று. அதனிடம் அதைக் கேட்பவனும் கதையைக் கெடுப்பவனே.

1990, 1991ஆம் ஆண்டுகளில் போரினால் தீவக மக்களுள் பலர் இடம்பெயர்ந்தனர். இன்று அவர்தம் பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளர்கின்றனர். அவர்கள் நடத்தும் சங்கங்களும் மலர் வெளியிடுகின்றன. அவற்றிலும் மணிபல்லவமே வருமாயின் நான் யாரை நோவது?

நான் வாழும் பூதிகோட்டையைப் பற்றி எவரைக் கேட்டாலும், ஐதர் அலி பிறந்த ஊர் என்பர். பூதி என்றால் சாம்பல். சாம்பற் கோட்டை என்று ஓர் ஊருக்கு ஏன் பெயர் வந்தது என்பதற்குக் கிழவிகள் ஒரு வேள்விக் கதை வைத்திருக்கின்றனர். சென்ற மாதம் பள்ளிப் பிள்ளைகள் நால்வரைக் கேட்டேன். மூவர்க்குத் தெரியவில்லை. நான்காமவள், "எங்க ஆயாவுக்குத் தெரியும், ஆனா அவங்களுக்கு இப்பக் காது கேக்காது" என்றாள். வருகின்ற ஞாயிறன்று ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவ்வீட்டுக்குப் போக இருக்கிறேன்.